தூங்காத காட்டெள்

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது பில்சுனுக்குப் புதிதில்லை. சந்தையில் மாட்டியிருக்கிறாள், சிப்பிக் கொட்டகையில் மாட்டியிருக்கிறாள். ஆனால் ஏப்ரல் மாதம் தெகு நகரத்துச் சாப்பாட்டுக்கடையில் மாட்டிக்கொண்டது வருங்காலச் சம்பந்தியம்மாளிடம். அதிலிருந்து சுலபமாகக் கழன்றுகொள்ள முடியாது.

மகள் மிரானுக்கும் தெகு பையனுக்கும் பேச்சு முடிந்து, இரண்டு வீட்டாரும் முதன்முதலாக எதிரெதிரே உட்கார்ந்த நாள் அது. சம்பந்தியம்மாள் வெள்ளைக் கையுறையைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். கழற்றிய கையும் கையுறை மாதிரியே இருந்தது. பில்சுன் தன் கைகளை மேசைக்கு அடியிலேயே வைத்திருந்தாள். இருபத்திரண்டு குளிர்காலம் சிப்பி உடைத்த கை. கத்தி வழுக்கிய தழும்பு விரலுக்கு ஒன்றாவது இருக்கும்.

கீரை வதக்கல் தட்டு வந்ததும் சம்பந்தியம்மாள் ஒரு வாய் எடுத்தாள், மென்றாள், சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தாள்.

"எண்ணெய் பழசு. நான் மத்த எதையும் பெருசா பார்க்கமாட்டேங்க. காட்டெள் எண்ணெய் மட்டும் நல்லதா இருக்கணும். இப்பல்லாம் எங்க கிடைக்குது?"

அப்போதுதான் பில்சுனின் வாய் திறந்தது.

"என் தோட்டத்துல கிடைக்குதே. கல்யாணச் சீரோட நான் விளைய வச்ச எண்ணெய் ஒரு புட்டி வரும், பாருங்க."

மேசைக்கு அடியில் மிரான் அம்மாவின் காலை மிதித்தாள். மிதித்தது காலம் கடந்துபோன மிதி. சம்பந்தியம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. "நிஜமாவா? அதைவிடப் பெரிய சீர் என்ன வேணும்?" என்று அவள் எழுந்து வந்து பில்சுனின் கைகளை மேசைக்கு அடியிலிருந்து வெளியே எடுத்துப் பிடித்துக்கொண்டாள்.

ரயிலில் திரும்பும்போது மிரான் கேட்டாள். "நீ எந்தக் காலத்துலம்மா எண்ணெய் ஆட்டினே? இலைதானே பறிப்பே?"

"விதை போட்டா இலை வருது. இலை வந்தா பூ வராதா? பூ வந்தா விதை வராதா? விதை வந்தா எண்ணெய் வராதா?"

"உன் வாய்லதான் எல்லாம் வருது" என்று சொல்லிவிட்டு மிரான் தூங்கிப்போனாள்.

கல்யாணம் நவம்பர் கடைசிச் சனிக்கிழமை.

தொங்யோங் துறைமுகத்துக்கு மேலே, மலைச்சரிவில் பில்சுனின் வீடு. வீட்டை ஒட்டி நாற்பத்து மூன்று படிகள் ஏறிப்போகும். படிக்கும் வீட்டுக்கும் நடுவில் கல் அணைப்புக் கட்டி மண் நிரப்பிய ஒரு துண்டு நிலம். அதுதான் தோட்டம். ஓரத்தில் பூண்டுத்தழை, அதை அறுக்க அறுக்க வரும். மூலையில் மீன் குழம்புக்குப் போடும் காட்டுப்புதினா. மீதி ஆறு வரிசையும் காட்டெள்தான். பேர்தான் எள்ளே தவிர, துளசிக்குச் சொந்தக்காரச் செடி அது. உள்ளங்கை அகல இலை, அடிப்பக்கம் லேசாக ஊதா ஓடியிருக்கும். விரலில் கசக்கினால் சோம்பா புதினாவா என்று மூக்கு குழம்பும். சுட்ட பன்றிக்கறியை அதில் சுருட்டி வாயில் போட்டுக்கொண்டால் வேறு பேச்சே எழாது.

ஜூன் மழை பிடித்ததும் நாற்றைப் பிரித்து நட்டாள். வரிசைக்குப் பத்துச் செடி. ஆறு வரிசைக்கு மேல் இடமில்லை. மிஞ்சிய நாற்றை அள்ளி, வேரை உதறி, அணைப்புச் சுவருக்கு மேலாகப் படிக்கட்டு ஓரம் வீசினாள். மறுநாள் பார்த்தபோது அவை அங்கே இல்லை. கூட்டுகிறவர் வாரிக்கொண்டு போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு மறந்தே போனாள்.

அதே ஜூன் கடைசியில்தான் படிக்கட்டுக்குப் புது விளக்கு வந்தது. மேல்வீட்டுச் சில்போக் அண்ணன் கொண்டுவந்த விளக்கு அது. கப்பல் பட்டறையில் நாற்பது வருஷம் பற்றவைப்பு வேலை செய்த மனுஷர், வயது எழுபது. போன குளிர்காலம் இருட்டில் பதினேழாவது படியில் கால் வைத்தவர், பதினொன்றாவது படியில்தான் போய் நின்றார். முழங்கால் சில்லு பெயர்ந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே நகராட்சிக்குக் கடிதம் எழுத ஆரம்பித்து, வீட்டுக்கு வந்தும் விடாமல் எழுதி, ஒருவழியாகக் கம்பம் நட வைத்துவிட்டார். பகல் மாதிரி வெள்ளை வெளிச்சம். முதல் நாள் மாலை அது எரிந்தபோது கம்பத்துக்குக் கீழே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஏதோ தானே பெற்றுப் போட்ட மாதிரி நின்றார்.

அந்த வருஷம் இலை விளைந்தது போல் எந்த வருஷமும் விளையவில்லை. காலையில் பனி காய்ந்ததும் பில்சுன் இறங்கிவிடுவாள். கீழ் இலையாகப் பார்த்துக் காம்போடு கிள்ளுவாள். நுனியில் நாலு ஜோடி இலையை விட்டுவிடுவாள். பத்துப் பத்தாக அடுக்கி நூல் சுற்றிக் கூடையில் போடுவாள். சிப்பி வேலை அக்டோபரில்தான் தொடங்கும். கோடையில் கைக்கு வேறு வேலையில்லை. பக்கத்து வீட்டுக் கில்ஜாக்கா வேலியோரம் வந்து நிற்பாள். அவள் சோயாவில் இலை ஊறவைப்பதில் கெட்டிக்காரி. ஜாடி நிறைந்தால் இன்னொரு ஜாடி எடுத்து வருவாள்.

"ஏ பில்சுன், உன் செடிக்கு என்னடி போடறே? என் இடுப்புக்கு மேல வளர்ந்துடுச்சு."

"அன்பா நாலு வார்த்தை பேசறேன் அக்கா."

"அப்ப அது ஒட்டுக்கேட்டே வளர்ந்திருக்கும். நீ பேசறது எட்டு வீட்டுக்குக் கேக்குமே."

செப்டம்பர் பிறந்தது. கோயில் பாதையில், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், ஊரில் எங்கே காட்டெள் இருந்ததோ அங்கெல்லாம் நுனியில் வெள்ளையாகப் பூங்கதிர் எட்டிப் பார்த்தது. பில்சுனின் தோட்டத்தில் மட்டும் இலை. அதற்கு மேலும் இலை. அறுவடைப் பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஊர்ச் செடியெல்லாம் பூ உதிர்த்துக் காய் பிடிக்கத் தொடங்கிவிட்டது. பூ இல்லாவிட்டால் விதை இல்லை. விதை இல்லாவிட்டால் எண்ணெய் இல்லை. தெகுவில் ஒரு வெள்ளைக் கையுறை காத்துக்கொண்டிருக்கிறது.

"உன் எள்ளு சாமியாரிணி ஆயிடுச்சு. பூவே சூடமாட்டேங்குது" என்றாள் கில்ஜாக்கா.

"நீ இலை இலைன்னு கேட்டதுல மிரண்டு போயிருக்கும்" என்றாள் பில்சுன்.

"ஏன், உன் நாக்குக்கு எலும்பில்லைன்னு என் மேல போடறியா? பறிச்சது நீ. நான் தின்னேன், அவ்வளவுதான்."

பில்சுன் விதைக்கடைக்காரனைத் திட்டினாள். உரத்தைத் திட்டினாள். படியில் நின்று சிகரெட் பிடிக்கும் சில்போக் அண்ணனின் புகையைத் திட்டினாள்.

கில்ஜாக்கா ஒரு வழி சொன்னாள். "சந்தையில ஒரு புட்டி வாங்கி, ஒட்டியிருக்கற காகிதத்தைத் தண்ணியில ஊறவச்சுக் கிழிச்சுப் போட்டுட்டுக் கொடேன். எண்ணெய் வாயைத் திறந்து சொல்லவா போகுது?"

"எண்ணெய் சொல்லாது. என் காது சொல்லிடும். பொய் சொன்னா என் காது ரெண்டும் சிவந்துடும்னு மிரானுக்குத் தெரியும். அவ கல்யாணத்தன்னைக்கு நான் காதைப் பொத்திக்கிட்டா நிக்க முடியும்?"

பண்டிகைக்கு நாலு நாள் முன்னால், பின்னேரம், பூண்டுத்தழை அறுக்கக் குனிந்தவள் அப்படியே நிமிராமல் நின்றாள். தோட்டத்தின் உள்மூலையில் வீட்டோரம் நாலைந்து செடி பூத்திருந்தது. அதுவும் தாறுமாறாக இல்லை. வட்டமாக, குண்டாக, ஒரு பக்கம் கொஞ்சம் நீண்டு, வெட்டி வைத்த மாதிரி ஒரு வடிவத்துக்குள் மட்டும் பூ. அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு சாண் தள்ளி நின்ற செடியில் ஒரு மொட்டுகூடக் கிடையாது. ஒரே செடியில் ஒரு கிளை பூத்தும் மறு கிளை பூக்காமலும் இருந்தது.

அரிவாளைக் கையில் பிடித்தபடி அவள் அந்த வடிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கேயோ தினமும் பார்க்கிற உருவம். ஆனால் பெயர் வரவில்லை.

ஆறரை மணி ஆயிற்று. தலைக்கு மேலே டிக்கென்று படிக்கட்டு விளக்கு எரிந்தது. தோட்டம் முழுக்க வெள்ளை வெளிச்சம் விழுந்தது. அணைப்புச் சுவர் மூலையில் நிற்கும் நீலத் தண்ணீர்த் தொட்டியின் நிழல், குண்டாக, ஒரு பக்கம் குழாய் நீண்டு, பூத்த செடிகள் மேல் அச்சுப் பிசகாமல் போய்ப் படுத்தது.

"கில்ஜாக்கா, இங்க வாயேன்."

கில்ஜாக்கா அரிசி கழுவிய கையோடு ஓடிவந்தாள். பில்சுன் விளக்கைக் காட்டினாள், தொட்டியைக் காட்டினாள், பூவைக் காட்டினாள்.

"இருட்டுல நின்னது பூத்திருக்கு. வெளிச்சத்துல நின்னது பூக்கல. ராத்திரி முழுக்க விளக்கு எரியுதில்ல, அதுங்களுக்கு இன்னும் கோடைன்னே நினைப்பு. பொழுது சுருங்கினாத்தானே, சரி, வருஷம் முடியப்போகுது, பிள்ளை பெத்துக்கலாம்னு தோணும்?"

கில்ஜாக்கா சிறிது நேரம் யோசித்தாள். "அப்ப இந்த விளக்கு இருந்தா பனி விழற வரைக்கும் இலை வருமா?"

"நான் எண்ணெய்க்கு அழுவறேன், நீ ஜாடிக்கு அழுவறியே."

விளக்கு என்றால் சில்போக் அண்ணன். மறுநாள் காலை பில்சுன் ஒரு தட்டு இலைப் பஜ்ஜி சுட்டு எடுத்துக்கொண்டு படியேறினாள். அவர் வாசலில் உட்கார்ந்து முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். பஜ்ஜியைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"கேக்கறதைக் கேட்டுடு மிரான் அம்மா. ஆறிட்டா பஜ்ஜி நல்லா இருக்காது."

"அண்ணே, ஒரு மாசம் மட்டும் விளக்கை அணைச்சு வைக்கச் சொல்லலாமா?"

அவர் ஒரு பஜ்ஜியை முழுசாகத் தின்று முடித்தார்.

"பத்தொன்பது கடுதாசி. பத்தொன்பதாவது கடுதாசிக்குத்தான் பதில் வந்துச்சு. அந்த விளக்கை உன் செடி தூங்கறதுக்காக அணைக்கணும். என் முழங்கால் தூங்கினா யார் எழுப்புவா?"

"ரெண்டு மாசத்துல கல்யாணம் அண்ணே. வாக்குக் கொடுத்துட்டேன்."

"என்கிட்டக் கேட்டா வாக்குக் கொடுத்தே? விளக்கு அணையாது. பஜ்ஜியில உப்பு கம்மி." ஆனால் தட்டைத் திருப்பித் தரவில்லை.

பில்சுன் இறங்கி வந்தாள். பதினேழாவது படியில் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் விளக்கு, படி, தோட்டம் மூன்றும் தெரியும். அந்தப் படி மற்றப் படிகளைவிட இரண்டு விரல் தாழ்வு என்பதை உட்கார்ந்த பிறகுதான் கவனித்தாள். இருட்டில் யார் வைத்தாலும் கால் போகும். சில்போக் அண்ணன் சொல்வதில் தப்பில்லை. தன் செடி சொல்வதிலும் தப்பில்லை. விளக்குதான் கொஞ்சம் அகலமாக வாயைத் திறந்துவிட்டது, தன்னை மாதிரியே.

வாய் அகலம் என்றால் ஒரு பக்கம் மூட வேண்டியதுதானே.

வீட்டுக்குப் பின்னால் கவிழ்த்து வைத்திருந்த சிவப்பு ரப்பர் தொட்டியை இழுத்து வந்தாள். குளிர்காலத்தில் ஊறுகாய்க்குக் கோஸை உப்பில் ஊறவைக்கிற தொட்டி. போன வருஷம் அடியில் விரிசல் விட்டது. தூக்கிப்போட மனசில்லாமல் வைத்திருந்தாள். அதைத் தலைக்கு மேல் தூக்கிக் கம்பத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள்.

அன்று மாலை விளக்கு எரியும் நேரத்துக்கு மறுபடி சில்போக் அண்ணன் வாசலில் நின்றாள். இந்த முறை பஜ்ஜி இல்லை.

"விளக்கை அணைக்க வேணாம் அண்ணே. தோட்டத்துப் பக்கம் மட்டும் ஒரு மறைப்பு. நீங்க நாப்பத்து மூணு படியும் ஏறி இறங்கிப் பாருங்க. ஒரே ஒரு படி தெரியலைன்னு சொன்னாலும் தொட்டியைத் தூக்கிப் போட்டுடறேன்."

அவர் அவளைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். வேலைக்காரனுக்கு வேலையைக் கண்டால் வரும் ஒரு பார்வை கண்ணில் வந்தது.

"ரப்பரை எதால வெட்டுவே?"

"சிப்பிக் கத்தியால."

"அதால உன் விரலைத்தான் வெட்டுவே. கம்பியைக் காய்ச்சித் துளை போடணும். நில்லு." உள்ளே போனவர் பழைய பட்டறைப் பையோடு வந்தார்.

தொட்டியைப் பாதியாக வெட்டினார்கள். கில்ஜாக்கா ஏணியைப் பிடிக்க, பில்சுன் ஏறி நின்று தொட்டிப் பாதியை விளக்குக்குப் பின்னால் பிடித்தாள். தோட்டம் பொசுக்கென்று இருண்டது. சில்போக் அண்ணன் கைப்பிடியைப் பிடிக்காமல், வேண்டுமென்றே ஒவ்வொரு படியாக இறங்கினார்.

"இருபத்தஞ்சு தெரியுது. இருபது தெரியுது. பதினெட்டு தெரியுது. பதினேழு தெரியல."

"நல்லா பாருங்க அண்ணே."

"அந்தப் படியை நான் கண்ணால பார்க்கறதில்ல, முழங்காலால பார்க்கறேன். முழங்கால் தெரியலைங்குது."

அவள் இறங்கினாள். தொட்டியில் இரண்டு விரல் அகலம் வெட்டினார்கள். ஏறினாள். அவர் மேலே போய் மறுபடி இறங்கினார். பதினேழு தெரியவில்லை. மறுபடி வெட்டினார்கள். ஐந்தாவது தடவை கில்ஜாக்கா ஏணியைப் பிடித்தபடியே சொன்னாள்.

"இவர் படியிறங்கறதைப் பார்த்தா நடக்க முடியாத மனுஷனாட்டமா தெரியுது? ஒலிம்பிக்குக்குப் போகலாம்."

"தெயுங் அம்மா, ஏணியைப் பிடி. பேச்சைப் பிடிக்காதே" என்றார் அவர், கில்ஜாக்காவை அவள் பிள்ளை பேரால் கூப்பிட்டு.

ஆறாவது வெட்டில் பதினேழு தெரிந்தது. ஆனால் அந்த வெட்டின் வழியே ஒரு கீற்று வெளிச்சம் தோட்டத்துக்குள்ளும் போய் விழுந்தது. படிக்கட்டை ஒட்டிய இரண்டு வரிசை அப்படியே வெளிச்சத்தில் நின்றது. பில்சுன் ஏணி மேலிருந்து அதைப் பார்த்தாள். ஆறில் இரண்டு போனால் நாலு.

"இன்னும் கொஞ்சம் மூடினா?" என்றாள் மெதுவாக.

சில்போக் அண்ணன் தாழ்ந்த அந்தப் படியில் நின்றபடி ஒரு கையால் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, போகட்டும். அந்த ரெண்டு வரிசை படிக்கட்டுக்குச் சொந்தம்" என்றாள் பில்சுன்.

"படிக்கட்டு இலை தின்னாது, எனக்குச் சொந்தம்" என்றாள் கில்ஜாக்கா.

கம்பியைக் காய்ச்சித் துளை போட்டு, முறுக்கிக் கட்டி முடித்தார்கள். மேலிருந்து பார்த்தால் விளக்கு சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு படியை மட்டும் முறைப்பது போல் இருந்தது.

"நகராட்சியில இருந்து வந்து கேட்டா?" என்றாள் கில்ஜாக்கா.

"என்கிட்ட அனுப்பு. என் கையெழுத்தைப் பார்த்தாலே அங்க பாதிப் பேர் சாப்பிடப் போயிடுவாங்க."

அன்றிலிருந்து நாலு வரிசை தூங்கியது, இரண்டு வரிசை விழித்திருந்தது. அக்டோபர் முதல் வாரம் பில்சுன் சிப்பிக் கொட்டகைக்குப் போகத் தொடங்கினாள். விடியுமுன் போய், பின்னேரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவாள். எட்டு மணி நேரம் ஈர ரப்பர் உடுப்பில் உட்கார்ந்து ஓடு நெம்பிய உடம்பு. ஆனாலும் வீட்டுக்குள் போகாமல் நேரே தோட்டத்துக்குத்தான் போவாள். ஒருநாள் போனபோது தூங்கின வரிசைகளின் நுனியெல்லாம் வெள்ளை. கையை மோந்து பார்த்தால் சிப்பி வாசம், குனிந்து மோந்தால் பூ வாசம். இரண்டுக்கும் நடுவில் அவள் தனியாகச் சிரித்தாள்.

நவம்பர் நடுவில், அடிக்காய் பழுப்பேறி இலை மஞ்சளாகிச் சுருண்டதும், கொட்டகைக்கு ஒருநாள் விடுப்புச் சொன்னாள். விடியற்காலைப் பனி ஈரம் இருக்கும்போதே அறுத்தாள். காய்ந்தபின் அறுத்தால் பாதி விதை மண்ணுக்குப் போய்விடும். கட்டுக் கட்டாகச் சுவரில் சாய்த்து வெயிலில் ஆறு நாள் வைத்தாள். பிறகு தார்ப்பாயை விரித்துத் தடியால் அடித்தாள். பொலபொலவென்று மழைச் சத்தம் மாதிரி விதை கொட்டியது. முறத்தில் புடைத்துத் தூசு பறக்கவிட்டு அளவுப்படியால் அளந்தாள்.

ஒரு படியும் இரண்டு கைப்பிடியும்.

பிந்திப் பூத்தது, பாதிக் காய் பதர். சிட்டுக்குருவி வேறு தன் பங்கை எடுத்துக்கொண்டது. இருந்தாலும் ஒரு புட்டிக்கு ஒரு படி போதும். பையில் கட்டிக்கொண்டு சந்தைக்குப் பின்னால் இருக்கும் எண்ணெய் ஆட்டும் கடைக்குப் போனாள்.

கடைக்காரர் பையைக் கையில் தூக்கிப் பார்த்தார். "மீதி எங்க?"

"இவ்வளவுதான்."

"ரெண்டு படிக்குக் குறைஞ்சா மெஷின்ல போட முடியாதும்மா. வறுக்கற சட்டியில ஒட்டறதும், ஆட்டற இடத்துல குடிக்கறதும் போக உனக்கு மூடி நனையற அளவுதான் வரும். வேணும்னா ஒண்ணு செய்யலாம். அடுத்து யாராவது வந்தா அவங்க விதையோட சேர்த்துப் போடறேன், பங்கு வாங்கிக்கோ."

"யாரோ விதையா? அது எப்படி என் தோட்டத்து எண்ணெயாகும்?"

"எண்ணெயில பேரா எழுதியிருக்கு?"

பில்சுன் பையைத் திரும்பக் கட்டினாள். கல்யாணத்துக்கு நாலே நாள். படியேறி வரும்போது கால் கனத்தது. பதினேழாவது படியில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். கில்ஜாக்கா வேலி வழியாகப் பார்த்துவிட்டு, என்ன என்று கேட்டாள். பில்சுன் சொன்னாள். முதல் தடவையாகக் கில்ஜாக்காவுக்கும் கேலி வரவில்லை.

மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சில்போக் அண்ணன் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். கையில் ஒரு துணிப்பை. அவள் பக்கத்தில் அதை வைத்துவிட்டுத் துறைமுகத்தைப் பார்த்தார்.

"ஒரு படிக்குக் கொஞ்சம் மேலயே இருக்கும்."

பில்சுன் பையைத் திறந்தாள். காட்டெள். பருத்த, பழுப்பான, பதர் நீக்கிய விதை.

"ஏது அண்ணே?"

"மாடியில எட்டு மீன்பெட்டியில மண்ணு போட்டு வச்சிருந்தேன். என் கைப்பிடிச்சுவருக்குக் கீழதானே விளக்கு. மேல நல்ல இருட்டு. நல்லாப் பூத்துச்சு."

"வேணாம் அண்ணே. நல்ல மனசோடதான் தர்றீங்க. ஆனா என் தோட்டத்துல விளைஞ்சதுன்னு சொல்லியிருக்கேன்."

சில்போக் அண்ணன் இருமினார். பிறகு கடலைப் பார்த்தே பேசினார்.

"ஜூன் மாசம் நாத்தைச் சுவத்துக்கு மேல விட்டெறிஞ்சியே. என் காலடியில வந்து விழுந்துச்சு. பட்டறையில மீந்த கம்பித்துண்டைக்கூட நான் எறிஞ்சதில்ல. உசுரோட இருக்கறதை எப்படி விட்டுட்டுப் போறது? மடியில வாரிக்கிட்டுப் போனேன்."

பில்சுன் அவரையே பார்த்தாள்.

"அப்ப செப்டம்பர் மாசம் நான் பூக்கலை பூக்கலைன்னு தெருவெல்லாம் புலம்பினப்ப, உங்க மாடியில பூத்திருந்துச்சா?"

"இருந்துச்சு."

"ஒரு வார்த்தை சொல்லலியே."

"எப்படிச் சொல்றது? பொறுக்கி நட்டேன்னா? நாற்பது வருஷம் இரும்பு ஒட்டினவன் இலைச்செடிக்குத் தண்ணி ஊத்தறேன்னா? தெயுங் அம்மா காதுல விழுந்தா என்ன ஆகும்?"

"விழுந்துடுச்சு" என்றாள் கில்ஜாக்கா வேலிக்கு அந்தப்புறமிருந்து.

பில்சுன் இரண்டு பையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு எழுந்தாள். தன் விதையில் முளைத்தது, தன் பாத்தியில் நாற்றானது. அதற்குமேல் தோட்டம் என்பது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அவள் விசாரிக்கவில்லை. இந்த முறை நாற்பத்து மூன்று படியும் அவள் காலுக்குத் தெரியவே இல்லை.

கடைக்காரர் வறுக்கும்போது சந்தைத் தெரு முழுக்க வாசம் போனது. மீன் விற்கிறவள்கூட எட்டிப் பார்த்தாள். பச்சை சோஜு சாராயப் புட்டி இரண்டு, கழுத்துவரை நிறைந்தது. தேன் நிறம்.

கல்யாணத்தன்று சீர்ப்பெட்டியில் அரிசிக்கேக், சுட்ட மீன், பழம் எல்லாம் வரிசையாக அடுக்கியிருந்தது. நடுவில் ஒரு சோஜு புட்டி, வாயில் துணி சுற்றி நூல் கட்டி. சம்பந்தியம்மாள் நேரே அதைத்தான் எடுத்தாள்.

பில்சுனுக்கு மனசு கேட்கவில்லை. "சம்பந்தி, ஒண்ணு சொல்லிடறேன். பாதிதான் என் பாத்தியில விளைஞ்சது. மீதிப் பாதி நாத்து என்னது, வளர்த்தது மேல்வீட்டு அண்ணன், மாடியில."

தூரத்தில் மணமகள் உடையில் நின்ற மிரான் தன் அம்மாவின் காதைத்தான் முதலில் பார்த்தாள். காது வெள்ளையாக இருந்தது. அவள் மூச்சு விட்டாள்.

சம்பந்தியம்மாள் துணியை அவிழ்த்தாள். கையுறையைக் கழற்றினாள். புட்டியைச் சாய்த்து ஆள்காட்டி விரலில் ஒரு சொட்டு விட்டு, அத்தனை உறவுக்காரர் நடுவில் விரலை வாயில் வைத்து நக்கினாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"விளக்குக் கதையெல்லாம் மிரான் சொன்னா" என்றாள் கண்ணைத் திறந்து. "எங்க அபார்ட்மெண்ட் வாசல்லயும் ஒரு விளக்கு விடிய விடிய எரியுது. அதுக்குக் கீழ நாலு செடி வச்சா பனி வரைக்கும் இலை பறிக்கலாமா?"

"பறிக்கலாம் சம்பந்தி. கீழ் இலையா கிள்ளணும். நுனியில நாலு ஜோடியை விட்டுடணும்."

மறுநாள் பின்னேரம் அரிசிக்கேக் பொட்டலத்தோடு பில்சுன் படியேறினாள். சிவப்புத் தொப்பி போட்ட விளக்கு அப்போதுதான் எரிந்தது. பதினேழாவது படியில் சில்போக் அண்ணன், சும்மா காற்று வாங்க வந்தவர் போல் நின்றிருந்தார். கில்ஜாக்காவும் வேலியோரம் சும்மா நின்றிருந்தாள்.

"என்ன சொன்னாங்க?" என்றார் அவர்.

"விரலை விட்டு நக்கினாங்க அண்ணே."

அவர் தலையை ஆட்டினார். பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். இன்னொரு புட்டியை அவள் நீட்டியபோது வேண்டாம் என்று கையை அசைத்தார், அப்புறம் வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். நாலு படி ஏறிப் போனவர் நின்று திரும்பினார்.

"மிரான் அம்மா. வர்ற ஜூன் மாசம் நாத்தை விட்டெறியும்போது வேரை உதறாதே. கொஞ்சம் மண்ணோட எறி."